காயாத சிமெண்ட்

கார்க் கதவைத் திறந்ததுமே வெர்னாவின் மூக்கில் ஏறியது ஈரச் சிமெண்டின் வாடை. பார்ஸ்டோ ஊரைத் தாண்டிப் பாலைவனத்தில் ஒன்றரை மணி நேரம் வந்திருந்தார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் முட்புதரும் உப்புப் பூத்த தரையும்தான். மழை பெய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இங்கே சிமெண்ட் குழைத்த ஒரே ஆளான அவளுடைய முன்னாள் கணவன் ஆர்லன் போன நவம்பரில் செத்துப் போயிருந்தான்.

"சிமெண்ட் வாடை வருதே, உனக்கு வரல?"

"இறங்கினதும் ஆரம்பிச்சிட்டியாம்மா?" என்றாள் மகள் கோரலி.

கோரலிக்கு ஆறு வயதானபோது சிலை செய்யப் போகிறேன் என்று பாலைவனத்துக்குக் கிளம்பியவன் ஆர்லன். மகள் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு ராத்திரிகூடக் கண் விழிக்காதவன். இப்போது வாரக் கடைசியில் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து அவன் சிலைகளோடு படம் பிடித்துக்கொண்டு, மகா மனுஷன் என்று உருகிவிட்டுப் போகிறார்கள். வெர்னாவுக்கு அதை நினைத்தாலே வயிறு எரியும். அதற்கும் மேலே, இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று கோரலி அடுத்த வாரம் இங்கேயே குடிவரப் போகிறாளாம். அவள் மனசை மாற்றி, சாயங்காலத்துக்குள் வீட்டுக்குக் கூட்டிப் போகத்தான் வெர்னா இந்த ஒருநாள் பயணத்துக்கே ஒத்துக்கொண்டாள்.

இரும்புக் கம்பிகளில் செருகிய நூற்றுக்கணக்கான பாட்டில்கள் காற்றில் ஊளையிட்டன. டயர் உடம்பும் ஸ்பூன் பற்களுமாக ஓநாய்கள் நின்றன. உடைந்த பீங்கான் பதித்த குதிரைகளின் நிழல்கள் உச்சி வெயிலில் குறுகிக் காலடியில் சுருண்டு கிடந்தன. நடக்க நடக்க அந்த ஈர வாடை தொண்டை வரை இறங்கியது. ஆர்லன் குடியிருந்த வண்டிவீட்டின் பின்புறம் வந்ததும் வெர்னா நின்றுவிட்டாள்.

அங்கே ஒரு சாப்பாட்டு மேசை, சுற்றி மூன்று நாற்காலிகள், எல்லாமே சிமெண்ட். மேசையின் தலைப்பக்கத்தில் ஆர்லன் தன்னையே செய்து உட்கார்த்தி வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு பெண், மடியில் சாக்கு. மூன்றாவது நாற்காலி காலி.

அந்தப் பெண் வெர்னாதான். அவன் விட்டுப்போன முப்பது வயது வெர்னா அல்ல, இன்றைய வெர்னா. ஜனவரியில் வழுக்கி விழுந்து முறிந்து, கோணலாகக் கூடிய இடது மணிக்கட்டு சிலையிலும் அதே கோணலாக இருந்தது.

"என் கை உடைஞ்சதை அவன்கிட்ட சொன்னியா?"

"அப்பாதான் நவம்பர்லயே..."

வெர்னா சாக்கைத் தொட்டாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இது எதுக்கு?"

"இந்த வெயில்ல புதுப் பூச்சை ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு வைக்கணும். இல்லேன்னா வெடிச்சிடும். லீவுக்கு வரப்போ நான்தான் வாளி தூக்குவேன்."

"சரி, இப்போ யாரு பூசுறா?"

கோரலி குனிந்து சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"வா, போயிடலாம்."

"நீ போம்மா. என்னை உட்கார வெச்சு ஒரு சிலை செய்யணும்னு அப்பா எத்தனை தடவை கேட்டாரு! நீதான் விடல."

இருபது வருஷத்துக் கசப்பு வெர்னாவின் நாக்கில் வந்து நின்றது. "உட்காரு! அவன் பக்கத்துலயே உட்காரு! ஒரு நாள் உனக்குச் சோறு போட்டிருப்பானா? போ, உட்கார்ந்து அவனோடயே கிட!"

கோரலி வீம்பாக உட்கார்ந்தாள். உள்ளங்கைகளை மேசைமேல் வைத்தாள். "சில்லுனு இருக்கும்மா" என்றாள், சிரித்தபடி.

வெர்னா விடுவிடுவென்று காருக்குப் போய் ஹாரனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். யாரும் வரவில்லை. பாட்டில்களின் ஊளை நின்றிருந்தது. திரும்பி ஓடினாள்.

ஆர்லன் சிலையின் கைகள் மணிக்கட்டு வரை ஈரச் சிமெண்டில் தோய்ந்திருந்தன.

கோரலியின் செருப்பு சாம்பல் நிறம். முழங்கால் சாம்பல் நிறம். மேசைமேல் இருந்த கைகளும்.

"எழுந்திரு!"

"முடியலம்மா."

வெர்னா பிடித்து இழுத்தாள். மகளின் மணிக்கட்டில் மயிரிழை போல ஒரு விரிசல். அதில் ஒரு பொட்டு ரத்தம். விட்டுவிட்டாள். விரிசல் விடவில்லை. முழங்கை. தோள்.

"காயுதும்மா... தண்ணி..."

போனில் சிக்னல் இல்லை. காரில் எட்டு பாட்டில் தண்ணீர். வாரி எடுத்து ஓடிவந்தாள். தன் சட்டையைக் கழற்றி நனைத்து மகளைப் போர்த்தினாள். ஊற்றினாள். விரிசல் நின்றது. சட்டையில் ஆவி பறந்தது. விரிசல் நகர்ந்தது. ஊற்றினாள். நின்றது.

"நான் வாய் தவறிச் சொல்லிட்டேன்டி. வீட்டுக்குப் போயிடலாம். வா, கண்ணு."

உதடுகள் அசையவில்லை. அவையும் சாம்பல் நிறம்.

ஏழாவது பாட்டில் முடிந்தது. விரிசல் கழுத்தருகே நின்றிருந்தது. முகத்தில் இன்னும் காயாமல் இருந்தவை கண்கள் மட்டும்தான். அவை வெர்னாவின் கையிலிருந்த கடைசி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தன. மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது; வெயில் இறங்க இன்னும் நெடுநேரம்.