இரண்டு முறை சுண்டினால்

அளவெடுக்க வந்த இடத்தில் அண்ணன் எதற்குச் சுண்ணாம்புச் சாந்து குழைக்கிறார் என்று தம்பிக்குப் புரியவில்லை.

"விரிசல் கண்ணுல பட்டா அப்பவே பூசிடலாம்ல" என்றார் அண்ணன். கொத்தனார் கை சும்மா இருக்காது என்று அவனும் விட்டுவிட்டான்.

மதிய லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் காலியாகியிருந்தது. முந்நூறு வருடக் கட்டடம். ஆள் படுக்கும் அகலத்துக்குச் சுவர்கள், ஈரக்கல்லின் வாசனை, மாடத்தில் ஒரு புறா இடம் கொள்ளாமல் திரும்பித் திரும்பி உட்காரும் சத்தம். முகப்பில் மினாரா என்கிற கோபுரங்கள் இரண்டு. இடப்பக்கத்துக்குப் படிகள் உண்டு. வலப்பக்கத்துக்கு வாசலே கிடையாது. 'உள்ளே முழுக்கக் கல், எந்தப் பாரமும் தாங்கும்' என்று போன வருடம் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அண்ணன். அதை நம்பித்தான் புதுக் கூரையின் பாரத்தை அதன்மேல் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கூரையின் கீழ் இருநூறு பேர் நிற்பார்கள்.

நேற்று தம்பி அந்த மினாராவைச் சுத்தியலால் தட்டினான். கல் ஒலிக்க வேண்டிய இடத்தில் பானை ஒலித்தது.

"ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும்ணே."

"எழுதுடா, யாரு வேணாம்னா? உள்ள போய்ப் பார்த்துட்டு எழுது."

அப்பா போனபின் அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். கோபப்படவில்லையே என்று நிம்மதியாகத் தூங்கினான், முட்டாள்.

காலையில், தொழுகைக்கு அழைக்கும் மோதினார் பாங்கு மேடையைத் துடைத்தபடி சொல்லியிருந்தார்: "இதைக் கட்டினதும் அண்ணன் தம்பிதானாம். ஏறுனது ரெண்டு பேரு, இறங்குனது ஒருத்தர்னு பெரியவங்க சொல்வாங்க."

"இறங்க சோம்பலா இருந்திருக்கும்" என்று அண்ணன் சிரித்தார்.

அடியில் நாலு கல்லைப் பெயர்த்த துவாரத்தில் தம்பி ஊர்ந்து நுழைந்தான். உள்ளே நடுவில் கிணறுபோல் வெற்றிடம், அதைச் சுற்றிப் படிகள். டேப்பின் நுனியை அண்ணன் துவாரத்தில் கைவிட்டுப் பிடித்துக்கொண்டார். பெட்டியோடு இவன் ஏறினான். குரல் எட்டாத இடங்களுக்கென்று அண்ணன் பழக்கிய சைகை ஒன்று உண்டு. இரண்டு முறை சுண்டினால், 'நான் பிடிச்சிருக்கேன், பயப்படாதே.'

உச்சியில் நின்றான். கீழே குழிக்குள் டேப் விறைப்பாக இறங்கியது. அது இரண்டு முறை சுண்டியது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தான். நாற்பத்திரண்டு அடி.

அப்போது கீழிருந்து ஒரு சத்தம். கரண்டி கல்லில் உரசும் சத்தம். சாந்தை அப்பி, கல்லை வைத்து, வழித்து, மறுபடி அப்பி. கீழே தெரிந்த வெளிச்சம் பாதியானது. கால் ஆனது. போய்விட்டது.

"அண்ணே?"

சுவரில் விரலகல இடுக்கு ஒன்று இருந்தது. கண்ணை வைத்தான். முற்றத்தில், தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டியருகே அண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் வெள்ளையாக ஓடியது. நகக்கண்வரை தேய்த்துக் கழுவினார். செருப்பை மாட்டினார். ஒரு முறை நிமிர்ந்து மினாராவைப் பார்த்தார். தம்பி கத்தினான். புறாக்கள் பறந்தன. அண்ணன் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

நடக்கக் கற்றுக்கொடுத்த கை. அந்தக் கையா? நெஞ்சு எரிந்தது. பயம்கூட அதற்கப்புறம்தான் வந்தது.

அண்ணன் போய்விட்டார்.

டேப் மட்டும் இன்னும் விறைப்பாகவே நின்றது.

நாற்பத்தொன்று. பெட்டிக்குள் டேப் தானாகச் சுருண்டது. முப்பத்தெட்டு. நுனி மேலே வருகிறது. படியில் காலடி இல்லை.

இருபது.

பதினொன்று. பழைய சுண்ணாம்பின் வாசனை.

நாலு.

நின்றது. டார்ச்சைத் திருப்பக் கை வரவில்லை.

அவசரமே இல்லாமல், பாசமாக, டேப் இரண்டு முறை சுண்டியது.