குடை காஞ்சிடுச்சு

வெள்ள நிவாரணத்துக்குத் தன்னார்வலராக வந்த நர்ஸுக்கு, மூடிக்கிடந்த ஆஸ்பத்திரியின் பழைய வார்டைத் தங்கக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கட்டில். கூட வந்தவள் காய்ச்சலென்று காலையில்தான் ஊருக்குத் திரும்பியிருந்தாள். அதை அக்காவிடம் சொல்லக்கூட நேரமில்லை. பினாயிலையும் மீறி ஈரச் சுவரின் வாடை அடித்தது. நாள் முழுக்க முகாமில் நின்ற கால்களுக்கு வாடையாவது ஒன்றாவது, நீட்ட இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

வெளியூரில் தங்கினால் அக்காவும் அவளும் வைத்திருக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. கதவைத் தாழிட்டு, அடியில் மரக்கட்டையைச் செருக வேண்டும். பிறகு அக்காவுக்குப் போன் செய்து, "குடை காஞ்சிடுச்சு" என்று சொல்ல வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அந்தச் சொல் வராவிட்டால், அக்கா முகாமுக்குச் சொல்லி ஆளை அனுப்புவாள். சொல் மூன்றாம் பேருக்குத் தெரியாது. கட்டையை மட்டும் பார்த்திருக்கும் அத்தான், "ஊருக்கே ஊசி குத்துறவ, உனக்கு இந்தக் கட்டை காவலா?" என்று கேலி செய்வார்.

இன்றும் கட்டையைச் செருகினாள். ஈரப் பையை எதிர்க் கட்டிலில் போட்டாள். கொஞ்சம் சாய்ந்துவிட்டுப் பேசலாம் என்று படுத்தவள், அடித்துப் போட்டது போல் தூங்கிவிட்டாள்.

விழித்தபோது இருட்டிவிட்டிருந்தது.

பதறிப்போய்ப் போனைத் தேடினாள். தலைமாட்டில் வைத்த போன் எதிர்க் கட்டிலில் கிடந்தது. பை தரைக்கு வந்திருந்தது.

கதவடியில் கட்டை அசையவில்லை.

"அக்கா, அசந்து தூங்கிட்டேன். ஆளை அனுப்பிட்டியா?"

"எதுக்குடி? அதான் நேரத்துக்குச் சொல்லியாச்சே. உன் கூட இருக்கிறவதான் உன் போன்ல பேசினா. 'பாவம், அலுத்துப்போய்த் தூங்கறா, எழுப்ப மனசில்ல. குடை காஞ்சிடுச்சு'ன்னா. சொல்லை நீதான் சொல்லிக் குடுத்திருப்பேன்னு நெனச்சேன். இனிமே தினமும் அவளே சொல்லிடறாளாம். நல்ல பொண்ணு."

நர்ஸ் எதிர்க் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ காலையிலேயே ஊருக்குப் போயிட்டாக்கா. இங்க நான் மட்டும்தான் இருக்கேன். உடனே ஆளை அனுப்பு."



எதிர்க் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது.

பிறகு அக்கா மெல்லக் கேட்டாள்:

"அப்போ உன் பக்கத்துல, 'போதும், போனை வெச்சுட்டுத் தூங்கு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கிறது யாருடி?"