கீழ் லயத்தில் தொண்ணூறு டெசிபல்

பாறைமேல் வைத்தபோது முப்பத்திரண்டு காட்டிய போன், சரிந்து கிடந்த மண்ணில் வைத்ததும் ஐம்பத்தெட்டு காட்டியது.

நாகலெட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மழை காலையிலேயே விட்டிருந்தது. காற்று இல்லை, காக்கை இல்லை, தேயிலைச் செடியின் இலையில் தங்கிய நீர் சொட்டும் சத்தம்கூட இல்லை. திரையில் மட்டும் அந்தப் பச்சை முள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரு பக்கத்துல நின்னு சாதாரணமாப் பேசுனாத்தான் இவ்வளவு வரும்க்கா," என்றாள் பிரியந்தி. பக்கத்துக் காம்பிராக்காரி, அடுத்த அறையில் குடியிருப்பவள். சத்தத்தை அளக்கும் அந்தச் செயலியை நாகலெட்சுமியின் போனில் இறக்கிக் கொடுத்தவள் அவள்தான். இலவசச் செயலி, நடுநடுவே சவர்க்கார விளம்பரம் குதித்து வந்தது.

பதினொரு நாளுக்கு முன்னால், பட்டப்பகலில், மலை வழுக்கி இறங்கிக் கீழ் லயத்தின் வரிசை வீடுகளை மூடியது. ஆறு காம்பிரா, பத்தொன்பது பேர். கடைசிக் காம்பிராவில் நாகலெட்சுமியின் தங்கை சுலக்ஷனா காய்ச்சலோடு படுத்திருந்தாள். எட்டு நாள் தோண்டிய ராணுவத்தாருக்கு ஒரு சட்டிகூடக் கிடைக்கவில்லை. நாளைக் காலை மண் வாரும் பெக்கோ இயந்திரம் வந்து மேட்டை நிரவிவிடும். அந்த இடத்தையே இடுகாடு என்று எழுதிக்கொள்வார்கள். உள்ளே சத்தம் இருப்பதாக இன்றைக்குள் காட்டினால் நிறுத்தலாம்.

மேலே இருந்து பழனியாண்டி கங்காணி இறங்கி வந்தார்.

"என்னா லெட்சுமி, போன்ல சாமி பேசுதா?"

"பேசுதுண்ணே. நீங்க குறுக்க நின்னு கத்துறதுனால சரியாக் கேக்கல."

"இங்க யாரும் நிக்கக் கூடாதுன்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு. மேல இன்னும் வெடிப்பு இருக்கு."

"தொரைய இங்க வந்து நின்னு சொல்லச் சொல்லுங்க."

அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. பிற்பகல் மூன்று மணிதான், ஆனால் பத்தடிக்கு அப்பால் மலையும் இல்லை வானமும் இல்லை. பனி இறங்கினால் கொழுந்து பறிப்பவர்கள் ஒருவரையொருவர் கூவி அழைப்பார்கள். பதில் கூவியவரை விட்டுவிட்டு யாரும் மலையிறங்க மாட்டார்கள். யாரும் சொல்லித் தந்ததும் இல்லை, மீறியதும் இல்லை.

நாகலெட்சுமி வாயருகே இரண்டு கையையும் குவித்தாள். "ஓஓய்!"

அவள் குரல் அடங்கியது. எதிரொலியும் இல்லை. முள் எழுபத்தொன்றுக்கு ஏறி, அவள் கூவிய அதே நீளத்துக்கு அங்கேயே நின்று, இறங்கியது.

மறுபடி கூவினாள். எழுபத்தாறு.

பழனியாண்டியின் முகத்தில் கேலி போய்விட்டது. "கூப்பிடாத புள்ள," என்றார் தாழ்ந்த குரலில். "பதினொரு நாளு. சோறு தண்ணியில்ல. இப்ப பதில் சொல்றது..." முடிக்காமலே திரும்பி நடந்தார். நாலே எட்டில் பனி அவரை எடுத்துக்கொண்டது.

"பதில் வந்துருச்சு," என்றாள் நாகலெட்சுமி. "எப்புடி விட்டுட்டுப் போறது?"

இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொண்டுவந்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். மண் ஈரக் கனத்தோடு பெயர்ந்தது. அழுகிய வேரும் மண்ணெண்ணெயும் பழைய அடுப்புக் கரியும் கலந்த நாற்றம் குழியிலிருந்து எழுந்து தொண்டையில் உட்கார்ந்தது. பிரியந்தி போனைப் பிடித்துக்கொண்டு எண்களைப் படித்தாள். ஒரு முழம் தோண்டியதும் எண்பது. இடுப்பளவு இறங்கியதும் எண்பத்தெட்டு.

"பெக்டரியில கொழுந்து அரைக்கிற ரோலர் பக்கத்துல நின்னாத்தான் இப்புடி வரும்க்கா."

நாகலெட்சுமி குழிச் சுவரில் காதை வைத்தாள். குளிர்ந்த மண். சத்தமே இல்லை.

"தொண்ணூத்தி நாலு," என்ற பிரியந்தியின் குரல் உடைந்தது. "எதுவுமே கேக்கலியே. வாங்கக்கா, போயிருவோம்."

"நீ போ. போனைக் குடுத்துட்டுப் போ."

பிரியந்தி போனை நீட்டினாள். அவள் கால்கள் சறுக்கி ஓடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மண்வெட்டி பலகையில் இடித்தது. நீலக் கதவு. போன தீபாவளிக்கு அக்காளும் தங்கையும் சேர்ந்து பூசிய நீலம். மண்ணைக் கையாலேயே வழித்துத் தள்ளினாள்.

தொண்ணூற்றெட்டு.

"சுலோ," என்றாள். "வந்துட்டேன்."

முள் விழுந்தது. முப்பது. ஒரே விழுதல். டீச்சர் உள்ளே வந்ததும் வகுப்பு அடங்குமே, அப்படி.

அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு சத்தம். இந்தப் பகல் முழுக்க மண்ணுக்குள்ளிருந்து அவள் காதுக்கு வந்த முதல் சத்தம். உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

கதவு உள்பக்கமாகத் திறந்தது. பின்னால் மண் இல்லை. இருட்டு. நீளமான இருட்டு. ஆறு காம்பிராவுக்கும் நடுவே சுவரே இல்லை.

போன் வெளிச்சத்தை அடித்தாள்.

வரிசையாக நின்றார்கள். காலையில் பெரட்டுக்கு, பெயர் கூப்பிட நிற்பதுபோல. பத்தொன்பது பேர். முன்னால் சுலக்ஷனா. எல்லோருடைய வாயும் கிழிய விரிந்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. வாய் நிறைய மண். உதடுவரை அடைத்த மண்.

கத்திக்கொண்டிருந்தார்கள், சத்தமே இல்லாமல்.

எண் ஏறியது. தொண்ணூறு. நூறு. நூற்றிரண்டு.

நாகலெட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் போகவில்லை.

"கத்துங்க," என்றாள். "எவனுக்குக் கேக்காட்டியும் எனக்குக் கேக்குது. கத்துங்க!"

சுலக்ஷனாவின் கை உயர்ந்தது. அதில் ஒரு பிடி ஈர மண். அது அக்காளின் வாயை நோக்கி வந்தது.

அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்து, நாகலெட்சுமி வெளியே பகல் வெளிச்சத்தை நோக்கி இழுத்தாள். விடவில்லை. முழுப் பலத்தோடும் இழுத்தாள்.

தங்கைக்குப் பின்னால், ஒருவர்பின் ஒருவராக, பதினெட்டுப் பேரும் குனிந்து ஆளுக்கொரு பிடி மண் அள்ளிக்கொண்டார்கள்.