நிலவறையில் பொறுத்திருப்பவை

அந்த ஒரு பீப்பா மட்டும் சூடாக இருந்தது. ஓகூஸ் என்ற டேனிஷ் நகரின் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த பழைய வைன் நிலவறையில் மற்றப் பீப்பாக்களெல்லாம் குளிர்ந்து விறைத்துக் கிடக்க, பேனாட் தற்செயலாகக் கைவைத்த பீப்பா, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் முதுகுபோல உள்ளங்கையைச் சுட்டது.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை. ஹேர்னிங் நகரத் துணி ஆலை முதலாளி தன் தொழிலாளரை அங்கே சுற்றிப்பார்க்கக் கூட்டிவந்திருந்தார். வைன் வீட்டுக்காரி, வெள்ளைத் தலைக் கிழவி, ஒஸ்ரியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவில் ஆல்ப்ஸ் மலைச் சரிவில் தன் குடும்பம் தலைமுறைகளாகத் திராட்சை வளர்த்ததையும், எல்லைக்கோடு மாறிய காலத்தில் பீப்பாக்களோடு இங்கே வந்து இறங்கியதையும் பெருமையாகச் சொன்னாள்.

"இந்த நாடு எங்களுக்கு உடனே கதவைத் திறந்தது. வைனுக்குத்தான் பொறுமை வேண்டும்."

பேனாட் பல்லைக் கடித்தான். டேனிஷில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த சொல் அதுதான். வென்ற். பொறு. தன் ஊரான பாஷையூரில் விட்டுவந்த மனைவி மேரிசெலினையும், அவன் வந்தபின் பிறந்த, இன்னும் முகம் பார்க்காத மகளையும் இங்கே கூப்பிட்டெடுப்பதற்குச் சட்டம் இடம் கொடுத்தது. குடிவரவு அலுவலக மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் கொடுக்கவில்லை. ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பும் வெடிச்சத்தமுமாகக் கிடக்க, கோப்பி குடித்துக்கொண்டே சொன்னார்கள்: பொறு.

"அண்ணை, மேல போவம். சாப்பாடு வைச்சிருக்கினம்," என்றான் ஆலையில் அவனோடு வேலை செய்யும் பாலேந்திரா.

"நீ போ. நான் வாறன்."

காலடிகள் கற்படியேறித் தேய்ந்தன. புளித்த திராட்சையும் நனைந்த கல்லும் சேர்ந்த வாடைக்குள், இவ்வளவு நேரமும் இல்லாத ஒரு மணம் எழுந்தது. பிள்ளைப் பவுடர்.

டொக்.

பீப்பாவுக்குள் இருந்து.

படியில் கிழவி நின்றாள். சிரித்தபடி.

"அதைத் தொடாதீர்கள். அது இன்னும் பதமாகவில்லை. பொறுங்கள்."

அந்தச் சொல். மறுபடியும். அவனுக்கு இரத்தம் தலைக்கேறியது.

"இன்னும் எவ்வளவு காலமடி பொறுக்கிறது!"

தமிழிலேயே கத்தினான். கீழே கிடந்த மரச் சுத்தியலை எடுத்தான். அடித்தான். கிழவியைப் பார்த்துக்கொண்டே மறுபடி அடித்தான். பீப்பாவின் துளையை அடைத்திருந்த மூடி தெறித்தது.

வைன் வரவில்லை.

"இஞ்சாருங்கோ." மேரிசெலினின் குரல். "இதுக்குள்ள சரியான இருட்டு. பிள்ளையைத் தூக்குங்கோ."

துளைக்குள் விரலை விட்டான். சின்னக் கையொன்று பற்றியது. ஈரமாக. இறுக்கமாக. வெளியே இழுத்தான்.

அது விடவில்லை. உள்ளே இழுத்தது.

"செலின்!"

அவன் கை மணிக்கட்டுவரை போய்விட்டது.

கிழவி விளக்கை அணைக்கவில்லை. கதவை மட்டும் சாத்தினாள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவன் எல்லாவற்றையும் தெளிவாகக் கண்டான்: நிலவறையின் கடைசிச் சுவர்வரை, வரிசை வரிசையாக, எல்லாப் பீப்பாக்களின் மூடிகளும் உள்ளிருந்து மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தன.