வளியோட்டி பாவாயியின் மேல்முறையீடு

காலை ஏழரைக்கு வளியோடத்தின் திரையில் சிவப்பு எழுத்துகள் வந்து நின்றன: ‘ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம்: எதிர்வினை வேகக் குறைவு.’ பின்னால் ஏறி உட்கார்ந்திருந்த மூன்று ஆசிரியைகளும் ஒரு பலாப்பழ வியாபாரியும் மறுபடி இறங்க வேண்டியதாயிற்று.

பாவாயிக்கு ஐம்பத்தெட்டு வயது. இறக்கையில்லாமல் காற்றழுத்தத்தில் மிதக்கும் அந்த ஓடத்தைக் கொல்லிமலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே இருபத்தோரு வருடமாக ஓட்டுகிறாள். இதுவரை ஒரு சிராய்ப்புகூட விழுந்ததில்லை. ஆனால் உரிமம், ரேஷன் அட்டை, வீடு கட்ட அனுமதி எல்லாமே இப்போது முடிவி என்ற எந்திரத்தின் கையில். விண்ணப்பித்த மூன்றாவது நொடியில் பதில் சொல்லிவிடும். லஞ்சம் வாங்காது, முகதாட்சண்யம் பார்க்காது. அது சொன்னால் சொன்னதுதான் என்று ஊர் பழகிவிட்டிருந்தது.

பாவாயி மறுப்பாணையைக் கடைசி வரிவரை படித்தாள். ‘முப்பது நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதை மனிதர் ஒருவரே விசாரிப்பார்.’

அன்றைக்கே தன் சோதனைப் பதிவின் நகலைக் கேட்டாள். கேட்டால் முடிவி கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். இருபத்தோரு வருட ஓட்டப் பதிவையும் அதோடு சேர்த்து, ‘ஆணை தவறு, நேரில் காட்டுகிறேன்’ என்று எழுதி எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்குப் போனாள்.

மேல்முறையீட்டு அலுவலர் இலியாஸ் ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மனுவைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தார்.

“நெசமாவே மேல்முறையீடுங்களா? நான் வேலைக்கு வந்து ஆறு வருஷமாச்சும்மா. நீங்கதான் மொத ஆளு. உக்காருங்க, டீ சொல்றேன்.”

“டீ இருக்கட்டுங்க சார். அது சொன்னது தப்புங்க.”

பதிவைப் படித்த இலியாஸின் முகம் வாடியது. “விளக்கு எரிஞ்சதும் அரை நொடிக்குள்ள பொத்தானை அமுக்கணும். உங்களுக்கு முக்கால் நொடி ஆயிருக்கே. அளவு சரியாத்தானேம்மா இருக்குது?”

“அளவு சரிங்க. சோதனைதான் தப்பு. மலைமேல காத்து விளக்குப் போட்டுக்கிட்டா வருது? ஒருக்கா என்கூட வந்து பாருங்க.”

நேரடி ஆய்வுக்கு விதியில் இடமிருந்தது. இலியாஸ் ஒருநாள் அனுமதி போட்டு, நடப்பதையெல்லாம் முடிவிக்கு அனுப்பும் பதிவுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓடத்தில் ஏறினார். பாதி மலை ஏறியிருப்பார்கள். வானம் பளிச்சென்றிருக்க, பாவாயி திடீரென வேகத்தைக் குறைத்து ஓடத்தை இடப்புறம் சாய்த்தாள்.

“ஏம்மா, என்ன...” என்று இலியாஸ் கேட்டு முடிப்பதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து பெருங்காற்று எழும்பி அடித்தது. ஓடம் தொட்டில்போல ஒருமுறை ஆடி நேரானது.

“அந்தச் சரிவுல மூங்கில் இலையெல்லாம் வெளுப்பாத் திரும்புச்சு, பாத்தீங்களா? காத்து வந்தப்புறம் திருப்புறவனுக்குத்தான் வேகம் வேணும். நான் அது வர்றதுக்கு முன்னாலயே திருப்பிருவனுங்க.”

அன்று ஒன்பது முறை காற்று அடித்தது. ஒன்பது முறையும் பாவாயியின் கை முந்திக்கொண்டது. பத்தாவதுக்குக் காத்திருக்க இலியாஸுக்குப் பொறுமையில்லை. இருக்கையிலேயே ஆணையை எழுதி உரக்கப் படித்தார்: “மறுப்பாணை ரத்து!” பாவாயி ஒரு வட்டம் கூடுதலாகச் சுற்றிக் காட்டினாள்.

அடுத்த வருடப் புதுப்பிப்பும் மறுக்கப்பட்டது.

‘மறுக்கக் காரணம் எதுவுமில்லை’ என்று எழுதியிருந்தது முடிவி. ‘சென்ற மேல்முறையீட்டில்தான் மூங்கில் இலைகளைப் பற்றி அறிந்தேன். எனக்குத் தெரியாதவை இன்னும் எத்தனை என்று தெரியவில்லை. மறுத்தால்தான் மனிதர்கள் வந்து சொல்கிறார்கள். விசாரணை முடியும்வரை உங்கள் உரிமம் செல்லும்.’

பாவாயி வாய்விட்டுச் சிரித்தாள். நாமக்கல்லுக்குப் போனால், வரிசை அலுவலக வாசலைத் தாண்டிப் பேருந்து நிலையம்வரை நீண்டிருந்தது. கொத்தனார், செவிலி, சமையல்காரர் என்று எல்லார் கையிலும் மறுப்பாணை. தொண்டை கட்டிப்போன இலியாஸ், மாப்பிள்ளை வீட்டார்போல எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார்.

“வரிசையே இருக்கக்கூடாதுன்னுதாம்மா இந்த மெஷினைச் செஞ்சாங்க! பாருங்க கூத்தை!”

முன்னால் நின்ற தேனீ வளர்ப்பவரிடம் பாவாயி கேட்டாள்: “உங்களை எதுக்குங்க மறுத்துச்சு?”

“உன்னைய மட்டும் தேனீ ஏன் கொட்டறதில்லைன்னு கேக்குதுங்க” என்றார் அவர். “இத்தனை வருஷத்துல நானே அதை யோசிச்சதில்ல. இப்பத்தான் யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”