கைபிடி மேலே நின்ற பிரேக்கர்

காலை ஆறு மணி. குறிஞ்சிப்பிட்டி இறால் பண்ணையின் பெரிய குளத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் செத்த இறால் மிதந்தது. தண்ணீருக்குக் காற்றடிக்கும் சக்கரங்கள் இரவில் நின்றதால் மூச்சுத் திணறிச் செத்தவை. அறுவடைக்கு ஒரு கிழமைதான் இருந்தது, பாவம்!

காவலாளி சிவராசா கரையில், கொன்ஸ்தாபிள் போட்ட கைவிலங்கோடு குந்தியிருந்தார். லீவு கொடுக்காத கோபத்தில் அவரே சக்கரங்களுக்கு மின்சாரம் போகும் பிரேக்கரை நிறுத்திவிட்டார் என்பது முகாமையாளர் மஸாஹிரின் முறைப்பாடு. மறியலில் அடைத்துவிட்டால் வேலை மட்டுமா போகும்? பண்ணை கொடுத்த அறையும் போகும். மனைவி கனகம்மா தெருவுக்கு வரவேண்டியதுதான்.

ஏழு மணிக்குப் புத்தளத்திலிருந்து சப் இன்ஸ்பெக்டர் ரம்ஸியா வந்தார். பொலிசில் சேருமுன் மின்சார வேலை படித்தவர். நேரே மின்பெட்டிக்குப் போனார்.

“இத ஆராவது தொட்டாங்களா?”

“இல்ல மிஸ். வந்ததுலேர்ந்து நானே காவல் நிக்கிறேன். ஒருத்தரையும் கிட்ட விடல்ல,” என்றார் மஸாஹிர், பெருமையாக.

சக்கரங்களுக்கான பிரேக்கரின் கைபிடி மேலே நின்றது. ரம்ஸியா மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியின் மூடியைக் கழற்றினார். கருகிய மணம் குப்பென்று வந்தது. வரிசையில் அந்த ஒரு பிரேக்கர் மட்டும் வேறு கம்பனியுடையது.

அடுத்து, பண்ணையின் மற்ற மின்பெட்டி இருந்த ஐஸ் அறையைத் திறக்கச் சொன்னார். திறப்பு மஸாஹிரின் இடுப்பில்தான் இருந்தது. வேறு ஆளிடம் இல்லையாம். அங்கிருந்த பெட்டியில் எல்லாமே அந்த வேறு கம்பனிப் பிரேக்கர்கள். நடுவில் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது.

“நிறுத்தின பிரேக்கர்ர கைபிடி கீழ கிடக்கும்,” என்றார் ரம்ஸியா. “இது மேல நிக்கிது. திருப்பித் தூக்கிவிடவும் ஆளில்ல, நீங்கதானே காவல். அப்ப இத ஆரும் நிறுத்தவே இல்ல.”

பிறகு ஏன் சக்கரம் நின்றது என்று கொன்ஸ்தாபிள் சாள்ஸ் கேட்டார். ரம்ஸியா காட்டினார். எல்லாப் பிரேக்கர்களுக்கும் மின்சாரம் கொடுப்பது சீப்புப் போன்ற ஒரே செப்புத் தகடு. இந்தப் பிரேக்கரின் வாய் கொஞ்சம் கீழே இருப்பதால், தகட்டின் பல் அரைகுறையாகத்தான் பிடிபட்டிருக்கிறது. அந்தப் பிடி சூடேறிச் சூடேறிக் கருகியிருக்கிறது.

கரையிலிருந்து சிவராசா எழுந்து கிட்ட வந்தார். நகக்கண் அளவு இடைவெளி ஒரு குளத்தையே கொன்றிருக்கிறது! அதைக் கண்டுபிடிக்க இந்தப் பெண்ணுக்கு ஒரு கைபிடி போதுமாயிருந்தது. அம்மாடி, என்ன கண் இது! தன் விலங்கைக்கூட மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாத்தினது நீங்க, மஸாஹிர். காவல் நின்டது ஆரையும் மூடியக் கழட்ட விடாம இருக்க.”

மஸாஹிர் தடுமாறினார். பழையது பழுதாம், கொழும்பிலிருந்து புதியது வரவில்லையாம். “அளவு ஒண்டுதானே என்டு போட்டேன், மிஸ். விடிய கருகின மணம் வந்ததும் வெளங்கிட்டு. பயத்துல அவர்ர பேரச் சொல்லிட்டேன்.”

சாள்ஸ் விலங்கைக் கழற்றினார். புருசனுக்குப் பக்கத்தில் நின்ற கனகம்மா மஸாஹிருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“பிழை நடந்துபோச்செண்டு சொல்லியிருந்தா, இந்த மனுசனே உங்களுக்காக முதலாளியிட்டக் கதைச்சிருப்பார், சேர்.”

பொலிஸ் ஜீப்பில் ஏறும்வரை மஸாஹிர் சிவராசாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை.