மூன்றாவது ரிப்பேர்

சைக்கிள் மணியை அவள் நான்கு முறை அடித்துவிட்டாள். எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு வந்த மனிதன் திரும்பவே இல்லை.

கோடையில் ஏரல் ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் மணல். ஆள் நடந்து நடந்து இறுகிப்போன ஒற்றைத்தடத்தில் முத்துராணி சைக்கிளை மிதித்து வந்தாள். எதிரே அவன்... காதில் பெரிய ஹெட்போன். கையில் நீளமான கம்பி. அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டு போல ஏதோ ஒன்று. அதை மணலுக்கு மேலே இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வந்தான்.

ஐந்தாவது மணி அடிப்பதற்குள் மோதிவிட்டது.

சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அவன் கையிலிருந்தது பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ!" என்று பாய்ந்தான். அவளைத் தூக்க அல்ல... அதைத் தூக்க!

முத்துராணிக்குச் சுர்ரென்று வந்தது. "ஏன் சார், ஒரு பொம்பளப்பிள்ள விழுந்து கெடக்கேன். நீங்க தட்ட எடுக்க ஓடுதீக?"

"தட்டு இல்லங்க. மெட்டல் டிடெக்டர். மண்ணுக்குள்ள பழைய காசு கெடந்தா கூவும். சிங்கப்பூர்லேர்ந்து மாமா அனுப்புனது..." நீர் சொட்டும் மிஷினைக் கைக்குழந்தையைப் போல அணைத்திருந்தான். "இப்ப ஊமையாயிட்டு."

நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, நிமிர்ந்து பார்த்தான். பெரிய கண்கள். பொம்மையைத் தொலைத்த பிள்ளையின் கண்கள். அவளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"குடுங்க. நான் சரிபண்ணித் தாரேன்."

"நீங்களா?" என்றான். கூடவே சின்னதாக ஒரு சிரிப்பு.

போன கோபம் அப்படியே திரும்பி வந்தது. ஒன்றும் பேசாமல் சைக்கிளை நிமிர்த்தி ஏறிப் போய்விட்டாள்.

அவளுக்கு வலித்ததற்குக் காரணம் இருந்தது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவள். அப்பா சங்கிலிபூதத்தானுக்கு விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் வேலை. அவரிடம் மல்லுக்கட்டி, ஏரலில் அத்தை மாரித்தாய் வீட்டில் தங்கி, கடைவீதியில் ஒரு ரிப்பேர் கடை போட்டிருந்தாள். "ஆறு மாசம் தாரேன். கடை ஓடலைன்னா நான் சொல்லுத எடத்துல கழுத்த நீட்டணும்" என்பது அப்பாவின் ஒப்பந்தம். மூன்று மாதம் ஓடிவிட்டது. டேப் ரிக்கார்டரோடு வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்து, "கடைக்காரர் இல்லியாம்மா?" என்றே கேட்டார்கள்.

நான்கு நாள் கழித்து மழை. எதிர்பாராத கோடை மழை... கடையின் ஓட்டுச் சார்ப்பிலிருந்து திரைபோல இறங்கியது. அந்தத் திரையை விலக்கிக்கொண்டு அவன் வந்து நின்றான். மிஷினைப் பாலிதீன் பையில் சுற்றியிருந்தான். தன்னைச் சுற்றிக்கொள்ள மறந்திருந்தான்.

"திருநவேலியில மூணு கடையில குடுத்தேன். தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்க. ஏரல்ல முத்து கடையில குடுங்கன்னாங்க..." அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "முத்துங்கிறது..."

"நானேதான். உக்காருங்க."

தவற்றை அவன் ஒப்புக்கொண்ட விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. காதுவரை சிவந்து, "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான்.

பெயர் கணேஷ்ராம். பாளையங்கோட்டையில் கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறான். பாண்டியர் செப்புக்காசு ஒன்றாவது கண்டெடுத்து, கல்லூரிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டும்... அவ்வளவுதான் ஆசை. ஒரு வருஷமாகக் கிடைத்ததெல்லாம் சோடாமூடி.

அவள் டப்பாவைத் திறந்து மணலைத் தூரிகையால் தட்டினாள். பல்பு வெளிச்சத்தில் ஈரம் காயவைத்தாள். கருகிப்போன டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு, பழைய ரேடியோவிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பற்றவைத்தாள். ஈயப் புகை மெல்ல எழுந்தது. அதற்கு அப்பால் இரண்டு கண்கள் தன் விரல்களையே பார்ப்பதை அவள் பார்க்காமலே அறிந்தாள்.

சுவிட்சைப் போட்டாள். "குய்ய்ய்ங்!"

"காசு இருக்கு!" என்று துள்ளினான்.

"காசு இல்ல சார். என் கொலுசு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மழை விட்டு வெகுநேரமாகியும் அவன் போகவில்லை...

அடுத்த வாரம் வந்தான். சுவிட்சில் மணல் புகுந்திருந்தது. அவன் போன இடமெல்லாம் அவள் கைராசியைச் சொல்லியிருந்தான் போலும். கல்லூரி வாத்தியார்கள் ரேடியோவும் டி.வி.யுமாகப் பஸ் ஏறி வந்தார்கள். 'கடைக்காரர் இல்லியா' என்ற கேள்வி நின்றது.

மூன்றாவது முறை வந்தபோது இஸ்திரி போட்ட நீலச் சட்டை. "சத்தமே இல்ல, முத்து" என்றான்.

மூடியைக் கழற்றியவள் கை அப்படியே நின்றது. உள்ளே வயர் அறுந்திருந்தது. அறுந்ததல்ல... வெட்டியது. சாய்வாக, சுத்தமாக.

"இது தானா போனதில்ல. யாரோ வெட்டிருக்காக."

அவன் குனிந்து பார்த்தான். முகம் மாறியது. என்னவோ சொல்ல வாயெடுத்தான்... மூடிக்கொண்டான்.

அந்த மௌனம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. "கடைக்கு வரணும்னா சும்மா வந்திருக்கலாம்லா? ஒரு பொட்டப்பிள்ள கடை போட்டா அது வெளையாட்டா? நான் பாக்குதது வேலை சார்! ஒங்களுக்குப் பொழுதுபோக்கா?"

"முத்து, நான்..."

"வெட்டலைன்னு சொல்லுங்க. யாரு வெட்டுனான்னு சொல்லுங்க."

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் வயரை ஒட்டி, மிஷினை அவன் கையில் திணித்து, "இனி இங்கன வராதீக" என்றாள்.

அவன் வரவில்லை. இரண்டு வாரம். கடையில் வேலை குவிந்து கிடந்தது. ஆனாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் தலை தானாக நிமிர்ந்தது. ச்சே... என்ன மனசு இது!

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் ஓர் அம்மா வந்து, சின்ன ரேடியோ ஒன்றை மேஜைமேல் வைத்தார். "பாட மாட்டேங்குதும்மா."

முத்துராணி திறந்தாள். ஸ்பீக்கர் வயர் அறுந்திருந்தது. சாய்வாக, சுத்தமாக...

நிமிர்ந்தாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அதே பெரிய கண்கள்.

"தையல் கத்திரி. நல்லா வெட்டும். நான் ராஜராஜேஸ்வரி, பள்ளிக்கூடத்து டீச்சர். கணேஷ்ராமோட அம்மா."

"டீச்சர்... அப்போ அந்த மிஷின்..."

"அதுவும் நாந்தான் பிள்ள. மிஷின் நல்லா ஓடுத வாரமெல்லாம் அவன் மூஞ்சி வாடிக் கெடக்கு. ரிப்பேருன்னா மட்டும் குளிச்சு, நல்ல சட்டை போட்டு, பாட்டுப் பாடிட்டுக் கெளம்புதான். வாயத் தொறந்து சொல்லுத பிள்ளையா அவன்? அதான் நானே ஒரு கை பாத்தேன். ஒன் வேலைய எளக்காரமா நெனச்சு இல்ல. நீ அப்படி நெனச்சிருந்தா மன்னிச்சிரு."

முத்துராணி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "நாங்க மில்லுல வேல பாக்குத குடும்பம் டீச்சர். ஒங்க சொந்தக்காரங்க..."

"பேசுவாக. ஒரு மாசம் பேசுவாக, அப்புறம் வேற வீட்டுக் கதைய எடுத்துருவாக. எனக்கு என் பிள்ள சிரிக்கணும்." குரல் தாழ்ந்தது. "வீட்டுக்கு வந்தும் என்னய ஒரு சொல்லு கேக்கல அவன். இன்னைக்கு லீவு. ஆத்துலதான் இருக்கான்."

ரேடியோவை அப்படியே போட்டுவிட்டு, காபி கொண்டுவந்து வாசலில் நின்ற அத்தையைப் பார்த்து, "அத்த, கடையப் பாத்துக்கோ!" என்று கத்திக்கொண்டே சைக்கிளை எடுத்தாள்.

நாணல் ஓரத்தில் அவன் தனியே நின்றிருந்தான். அவள் பின்னாலிருந்து ஹெட்போனை உருவி, தன் காதில் மாட்டிக்கொண்டாள். அவன் திகைத்துப் போனான்.

"ஆட்டுங்க. எனக்கும் கேக்கணும்."

தட்டு மணல்மேல் அசைந்தது. கரகரப்பு... கரகரப்பு... சட்டென்று தெளிவாக ஒரு கூவல். இரண்டு பேரும் மண்டியிட்டுத் தோண்டினார்கள். சோடாமூடி. அவள் சிரித்தாள். இன்னும் பத்தடி தள்ளி மறுபடி கூவியது. முழங்கை ஆழம் தோண்டினார்கள். ஈரமணலில் அவன் விரலும் அவள் விரலும் ஒரே நேரத்தில் அதைத் தொட்டன. கறுத்த, சின்ன வட்டம். தண்ணீரில் அலசினான். அழுக்குக்கு அடியில் மெல்ல மெல்ல... இரண்டு மீன்கள்.

"முத்து!" காசை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். "பாண்டியர் காசு! எத்தனை நூறு வருஷம்..."

"டீச்சர் கடைக்கு வந்தாக" என்றாள் அவள்.

அவன் காசை மறந்தான்.

"அம்மான்னு சொல்லியிருக்கலாம்லா? அவ்வளவு ஏச்சும் வாங்கிட்டு நின்னீகளே..."

"சொன்னா, அம்மா எதுக்கு வெட்டுனாங்கன்னு கேப்பீங்க. அதுக்குப் பதில் சொல்லணும்." ஆற்றைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அந்தப் பதிலை நானே இன்னும் உங்ககிட்ட சொல்லலியே..."

"இப்ப சொல்லுங்க."

தண்ணீர் சலசலத்தது. கல்லூரியில் நூறு பேருக்கு முன்னால் பேசுகிறவன் இரண்டு முறை எச்சில் விழுங்கினான்.

"உங்களப் பாக்காத நாள்ல... எனக்கு எந்தக் காசும் தேடத் தோணல முத்து. உங்களக் கட்டிக்கணும். உங்களுக்கு இஷ்டமிருந்தா மட்டும்."

முத்துராணி காதிலிருந்த ஹெட்போனை மெல்லக் கழற்றினாள். கன்னம் சுட்டது. கண்ணை மட்டும் தாழ்த்தவில்லை.

"ஞாயித்துக்கெழம எங்க அய்யாவுக்கு மில்லு லீவு. அம்மாவக் கூட்டிக்கிட்டு விக்கிரமசிங்கபுரம் வாங்க. நான் சனிக்கெழமையே போயி அய்யாகிட்ட சொல்லி வைக்கேன்..."

"என்னன்னு?"

"எனக்குப் புடிச்ச ஆளு வாராகன்னு."